பாட்டும் பறவையும் – 6: கேள்வி ஞானம்

சென்ற இதழில் டெய்ன்ஸ் பாரிங்டனை விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். வேல்ஸ் நாட்டு நீதி ஸ்தானத்தில் அமர்ந்து வழக்குகளை விசாரித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் இயற்கையின் விசித்திரங்களை விசாரிப்பதிலே செலவிட்ட அந்த மனிதர், கூட்டிலிருந்து எடுத்த லின்னட் குஞ்சுகளை வானம்பாடி வகைகளின் அருகே வைத்து வளர்த்து, அவை தம் குலத்துப் பாட்டை விட்டு அண்டைவீட்டார் பாட்டையே தம் பாட்டாகப் பாடக் கண்டு, பறவையின் பாட்டும் மனிதனின் பாஷையைப் போலக் காது வழியாக வந்து சேருவதேயன்றிக் கருவிலே அமைந்து வருவதன்று என்ற முடிவை 1773-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதி வைத்தார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், லண்டனுக்கு வந்திருந்த பாலகன் மோட்ஸார்ட்டின் முன் புதிய இசைத்தாள்களை வைத்துச் சோதித்து, பையனின் வித்தை மெய்யானதுதான் என்று அதே சபைக்கு அறிக்கை கொடுத்தவரும் இவரே. பரீட்சை செய்வதென்று வந்துவிட்டால் அவருக்குக் குழந்தையும் ஒன்றுதான், குருவியும் ஒன்றுதான்.

அவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட ஒரு விஷயம் அதன்பின் ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். டார்வின் 1871-இல் வெளியிட்ட தம் நூலில் பாரிங்டனை மரியாதையோடு எடுத்துக் காட்டினார். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத் தொழிலாளிகள், நல்ல பாட்டுக்காரக் கானரி ஒன்றின் அருகில் இளங் கானரிகளின் கூண்டுகளை வைத்து, அதன் பாட்டைக் கேட்கச் செய்தே அவற்றைத் தேர்ந்த பாடகர்களாக்கி விற்றார்கள். ஆனால் சாஸ்திரம் மட்டும் ஓரடியும் முன்வைக்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. குருவி பாடுவது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் அது இழைக்கும் சங்கதிகளோ மனிதக் காது பற்றிக்கொள்ள முடியாத வேகத்தில் வந்து போகின்றன. கேட்டவர் ஒருவர், ‘லின்னட் வானம்பாடியைப் போலவே பாடியது’ என்று சொன்னால், ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று மற்றொருவர் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. சாட்சி ஒருவர் காது, நீதிபதி இன்னொருவர் காது என்றிருக்கும் வழக்கு எந்தக் காலத்தில் தீரும்?

அந்த வழக்கைத் தீர்த்து வைத்த கருவி, வேடிக்கை என்னவென்றால், காது கேளாதவர்களுக்காக நினைக்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில், பேச்சைக் கண்ணால் காணத்தக்க சித்திரமாக மாற்றிவிட்டால் செவிடரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாமே என்ற எண்ணம் உந்த, இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஓர் இயந்திரத்தை அமைத்தார்கள். யுத்தம் முடிந்தபின் ‘ஸோனாகிராஃப்’ என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. 2.4 விநாடி நேரத்துச் சப்தத்தை அதனுள் பதிவுசெய்தால், உருளையொன்றில் சுற்றிய காகிதத்தின்மேல் ஊசிமுனை ஒன்று காகிதத்தைக் கருக்கிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து, இடமிருந்து வலமாகக் காலத்தையும் கீழிருந்து மேலாக ஸ்தாயியையும் காட்டும் ஒரு படத்தைச் சில நிமிஷங்களில் வரைந்து கொடுக்கும். செவிடர்கள் அதைக் கொண்டு பேச்சைப் படிக்கப் பழகியது பெரிய அளவில் நடக்கவில்லை. பறவை ஆராய்ச்சியாளருக்கோ அது ஓர் அக்ஷய பாத்திரமாயிற்று. கருகிய காகிதத்தின் வாடைக்கு நடுவே, குருவியின் பாட்டு முதன்முறையாக மேஜைமேல் விரித்து வைத்து அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளாகிவிட்டது.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த வில்லியம் தார்ப் என்பவர் அந்த இயந்திரத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர். பூச்சிகளின் சாஸ்திரத்தில் வாழ்க்கையைத் தொடங்கி, நடுவயதில் பறவைகளின்பால் மனம் திரும்பிய அவர், 1950-இல் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள மாடிங்லி கிராமத்தில் பறவைகளுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தி, ஐரோப்பாவில் தோட்டந்தோறும் காணப்படும் சாஃபிஞ்ச் என்னும் குருவியைத் தம் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கிவரும் சில தொடர்களும், கடைசியில் துள்ளலாக ஒரு முத்தாய்ப்பும் உடையது அதன் பாட்டு. பிறந்து சில நாட்களே ஆன குஞ்சுகளை எடுத்து, வேறு சாஃபிஞ்சின் குரல் காதில் விழாதபடி தனித்தனியே வளர்த்த தார்ப், மறு வசந்தத்தில் அவை பாடிய பாட்டைப் படமாக்கிப் பார்த்தபோது, பாட்டின் நீளம் ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆனால் தொடர் தொடராகப் பிரியும் அமைப்பு இல்லை, முத்தாய்ப்பும் இல்லை. பாட்டின் எலும்புக்கூடு இருக்கிறது, பாட்டு இல்லை என்று சொல்லலாம். இதைவிட அழகான மற்றொரு பரிசோதனையும் உண்டு. காட்டில் பிறந்து வளர்ந்து, தாமே இன்னும் ஒரு பாட்டும் பாடியிராத இளம் பறவைகளை முதல் இலையுதிர் காலத்தில் பிடித்துவந்து அவ்வாறே தனிமையில் வைத்தால், அவை அடுத்த வசந்தத்தில் பெரும்பாலும் குற்றமற்ற பாட்டையே பாடின. வாய் திறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே காது தன் வேலையை முடித்துவிட்டது என்பதல்லவா இதன் பொருள்!

நம்மவர் சங்கீதத்தில் கேள்வி ஞானம் என்று ஒரு சொல் வழங்குகிறது. குருவிடம் முறைப்படி பாடம் சொல்லிக்கொள்ளாமல், கேட்டுக் கேட்டே வித்தையை மனத்தில் ஏற்றிக்கொண்டவரைக் குறித்து அப்படிச் சொல்வோம். தார்ப் கண்டது அசல் கேள்வி ஞானம். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு நீளமான பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். நமக்கு இது போதும்.

தார்ப்பின் சீடராக வந்து சேர்ந்த பீட்டர் மார்லர் 1928-இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் பிறந்தவர். தாவர சாஸ்திரத்தில் ஏற்கெனவே ஒரு டாக்டர் பட்டம் பெற்றிருந்தும், ஸ்காட்லாந்து முதலிய இடங்களில் உத்தியோக நிமித்தம் அலைந்தபோது ஒரு பள்ளத்தாக்கின் சாஃபிஞ்ச் பாடுவது போல அடுத்த பள்ளத்தாக்கின் சாஃபிஞ்ச் பாடுவதில்லை என்று கவனித்த கணத்திலிருந்து, செடிகளை மறந்து குருவிகளின் பின்னே போய்விட்டவர். கேம்பிரிட்ஜில் இரண்டாவது டாக்டர் பட்டத்தை வாங்கிக்கொண்டு 1957-இல் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவருக்கென்றே காத்திருந்தது போல ஒரு பறவை இருந்தது. தலையில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தீட்டிய அந்தச் சிட்டை நாம் வெண்முடிச் சிட்டு என்று அழைப்போம். அதன் பாட்டு நீண்ட சீழ்க்கையொன்றில் தொடங்கி, வேகமான அதிர்வொன்றில் முடிகிறது. சீழ்க்கை எங்கும் பொது. அதிர்வுதான் ஊருக்கு ஊர் வேறு. ஸான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி மாரின், பெர்க்லி, தெற்கே ஸன்ஸெட் பீச் ஆகிய மூன்று இடங்களின் சிட்டுகளை மார்லரும் அவருடைய உதவியாளர் தமுராவும் பதிவுசெய்து 1962-இல் வெளியிட்டபோது, நெல்லைத் தமிழையும் கொங்குத் தமிழையும் இரண்டு வாக்கியத்தில் நாம் பிரித்தறிவது போல, எந்தச் சிட்டு எந்த ஊர் என்று படத்தைப் பார்த்தவுடன் சொல்ல முடிந்தது.

இந்த வட்டார வழக்கு இரத்தத்தில் வருவதா, காதில் வருவதா? மார்லர் குஞ்சுகளைத் தனித்து வளர்த்து ஒலிப்பதிவுகளைக் கேட்கச் செய்தார். பிறந்த பத்தாம் நாளுக்கும் ஐம்பதாம் நாளுக்கும் இடையில் கேட்ட பாட்டை, பல மாதங்கள் கழித்து அவை அச்சுப் பிசகாமல் பாடின. அந்தக் காலம் கடந்தபின் கேட்பித்தது பெரும்பாலும் வீணாயிற்று. இன்னொரு விநோதமும் இருந்தது. தன் இனத்துப் பாட்டையும் வேறு சிட்டினத்துப் பாட்டையும் கலந்து கேட்பித்தால், குஞ்சு தன்னினப் பாட்டையே தேர்ந்தெடுத்தது. ஆகவே காது வெறும் பள்ளமன்று, எதை ஊற்றினாலும் ஏற்பதற்கு. எதை ஏற்கவேண்டும் என்ற ஒரு விவேகம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. பாரிங்டனின் லின்னட்டுகள் வானம்பாடியை ஏற்றதற்கு, அவற்றுக்கு வேறு கதியே இல்லாமல் வைத்திருந்தது ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறர் பாட்டைக் கேட்பதைப் பற்றி. தன் பாட்டைத் தான் கேட்பதைப் பற்றி அதுவரை அதிகம் பேர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு ஜப்பானியர். கியோட்டோ நகரத்தின் பட்டு நெசவாளக் குடும்பம் ஒன்றில் 1933-இல் பிறந்து, ஹொக்கைடோ சர்வகலாசாலையில் படித்துவிட்டு, பெர்க்லியில் மார்லரிடம் மாணாக்கராகச் சேர்ந்த மஸகாஸு கொனிஷி என்பவர் அவர். பாடுகிற பறவைக்குத் தன் குரல் காதில் விழுகிறதே, அது பறவைக்கு ஏதாவது உபயோகப்படுகிறதா, அல்லது நம் காலடிச் சப்தம் நம் காதில் விழுவது போல வெறுமனே விழுகிறதா என்பதே அவர் கேட்டது. சொல்வதற்கு எளியது, பதில் காண்பதற்கோ ஒரு கொடிய வழியைத் தவிர வேறில்லை. பறவையின் உட்செவி நம்முடையதைப் போல நத்தையாகச் சுருண்டதன்று. சற்றே வளைந்த, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு குழல். பறவையை மயக்கத்தில் ஆழ்த்தி, நுண்ணிய துளை வழியாக அந்தக் குழலை வெளியே எடுத்துவிடுவதில் கொனிஷி தேர்ச்சி பெற்றார். சாஸ்திரத்தின் இந்தப் பக்கத்தை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. உலகில் ஓசைக்காகவே பிறந்த ஒரு ஜீவனை ஓசையிலிருந்து பிரிப்பதற்கு எந்த ஞானம் ஈடாகும் என்று வாசகர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை; பதில் இருப்பதாகச் சொல்பவர்களிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்ததைச் சொல்வது மட்டுமே சரித்திரகாரன் கடமை.

1965-இல் கொனிஷி வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். பாட்டு முற்றிலும் நிலைபெற்ற வளர்ந்த சிட்டுகளின் கேள்வியைப் போக்கியபோது, அவை ஒன்றும் நேராதது போலத் தம் பாட்டைப் பாடிக்கொண்டேயிருந்தன. ஆனால் பாடத் தொடங்குவதற்கு முன்பே கேள்வியை இழந்த இளம் பறவைகளோ, பருவம் வந்ததும் அலகைத் திறந்து பாடின, பாடியது பாட்டாக இல்லை. சீழ்க்கை இல்லை, ஸ்தாயி நிலைக்கவில்லை, கரகரவென்று சிதறிய ஒலிகள் மட்டுமே இருந்தன. தனிமையில் வளர்ந்த பறவையின் பாட்டு எளிமையானதுதான், ஆனால் அதில் சீழ்க்கையாவது இருந்தது. செவிட்டுப் பறவையின் பாட்டில் அதுவும் இல்லை. யாரையும் கேளாத பறவைக்கும், தன்னையே கேளாத பறவைக்கும் இத்தனை தூரம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அமைந்தது மூன்றாவது பரிசோதனை. ஐம்பது நாட்களுக்குள் நல்ல பாட்டைக் கேட்டு, தார்ப் சொன்னபடி அதை மனத்தில் ஏற்றிக்கொண்டுவிட்ட இளம் பறவைகளின் கேள்வியை, அவை வாய் திறந்து பழகுவதற்கு முன் கொனிஷி போக்கினார். பாடம் உள்ளே இருக்கிறதல்லவா, பறவை அதைப் பாடிவிடும் என்று எவரும் எதிர்பார்ப்பர். பாடவில்லை. கேட்டவையும் கேளாதவையும் ஒன்றே போலச் சிதறிய ஒலிகளையே எழுப்பின.

வீட்டுத் திண்ணையில் சாதகம் செய்யும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கும். குரு பாடியது மனத்தில் ஒரு பிம்பமாக நிற்கிறது. தொண்டையோ அந்தப் பிம்பத்தை அறியாது. பிள்ளை வாய் திறந்து ஏதோ ஒன்றைப் பாடுகிறான். பாடியதைத் தன் காதால் கேட்கிறான். மனத்திலுள்ள பிம்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏறியிருந்தால் இறக்குகிறான், இறங்கியிருந்தால் ஏற்றுகிறான். இப்படி ஆயிரம் முறை செய்தபின் தொண்டைக்கு அந்த வழி தானே பழகிப்போகிறது. இளம் சிட்டும் வாய்க்குள்ளேயே முனகுவதில் தொடங்கி, குழந்தையின் மழலையைப் போல எதையெதையோ உளறி, வாரக்கணக்கில் திருத்தித் திருத்தித் தன் பாட்டை வந்தடைகிறது. இந்த உள்ளிருக்கும் பிம்பத்தையே செவியச்சு என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார்கள். அச்சு பிறவியிலேயே கோட்டுச் சித்திரமாக அமைந்திருக்கிறது. முதல் ஐம்பது நாள் கேள்வியால் அதற்கு வர்ணமும் விவரமும் ஏறுகின்றன. பின்னர்ச் சொந்தக் காதின் மேற்பார்வையில் குரல் அந்த அச்சுக்கு ஒப்ப வார்க்கப்படுகிறது. தனிமையில் வளர்ந்த பறவை தன் குரலைத் தான் கேட்டபடியால் கோட்டுச் சித்திரத்தையாவது எட்டிப் பிடித்தது. செவிட்டுப் பறவைக்கு அந்த வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

எல்லாப் பறவைகளுக்கும் இது பொருந்துமா என்றால் பொருந்தாது. கொனிஷியே சேவல்களின் கேள்வியை இளமையில் போக்கிப் பார்த்ததில், அவை வளர்ந்து மற்றச் சேவல்களைப் போலவே கூவின. நம் ஊரில் இதற்குப் பரிசோதனைச்சாலையே தேவையில்லை. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்த்த குயில், கரையாமல் கூவுகிறதே! குயிலைச் சங்கீதத்தின் சிகரமாக வைத்துப் பாடிய கவிகள் அறிந்தால் வருந்தக்கூடும். பறவை சாஸ்திரிகளின் கணக்கில் குயில் பாட்டுக் கற்கும் ஜாதியில் சேர்ந்ததேயன்று. கற்கும் வித்தை, கிளிகளையும் ஹம்மிங்பேர்ட் போன்ற சில அயல்நாட்டு ஜாதிகளையும் விட்டால், பாடும் பறவைகள் என்ற பெரும் குலத்துக்கே உரியது. அந்தக் குலத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், காக்கையும் சேர்ந்திருக்கிறது.

இனி மூளைக்கு வருவோம். மார்லரின் மற்றொரு மாணாக்கரான பெர்னாண்டோ நாட்டபோம் 1940-இல் அர்ஜென்டினாவின் போனஸ் ஐரிஸ் நகரில் பிறந்தவர். பறவையின் குரலுறுப்பு தொண்டையில் இல்லை. மார்புக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் சந்தியில் இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு நாதக் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நரம்பு. சாஃபிஞ்சின் வலப்பக்க நரம்பை நாட்டபோம் துண்டித்தபோது பாட்டில் ஓரிரு சங்கதிகளே குறைந்தன. இடப்பக்க நரம்பைத் துண்டித்தபோது பாட்டின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. 1861-இல் பிரெஞ்சு வைத்தியர் ப்ரோகா, பேச்சிழந்த நோயாளியின் மூளையில் இடப்பக்கத்தில் சேதத்தைக் கண்டதை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி எவ்வளவு ஆச்சரியத்தைத் தந்திருக்கும்!

நரம்பு எங்கிருந்து வருகிறது என்று அதன் வழியே மேலே மேலே ஏறிப்போய், 1976-இல் நாட்டபோமும் ஸ்டோக்ஸ், லெனார்ட் என்னும் சகாக்களும் கானரியின் முன்மூளையில் பாட்டுக்கென்றே அமைந்த நரம்பணுத் திரள்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றுள் மேலிருப்பதற்கு எச்.வி.சி. என்று பெயர், அது ஆர்.ஏ. என்னும் திரளுக்கு ஆணையிட, ஆர்.ஏ. குரலுறுப்பின் தசைகளை ஆளும் நரம்புக்கு ஆணையிடுகிறது. எச்.வி.சி. என்ற அந்த எழுத்துக்களுக்கு ஒரு நீண்ட லத்தீன் விரிவு முதலில் இருந்தது. பறவை மூளையின் பெரும்பகுதி வெறும் இயல்பூக்கத்தின் இருப்பிடம் என்று எண்ணிய பழைய உடற்கூற்று வல்லுநர்களின் முறைப்படி வைத்த பெயர் அது. அந்தத் திரள் பெயரில் சொன்ன இடத்தில் இல்லவே இல்லை என்று பின்னர்த் தெரிந்தபோது, விரிவைத் தள்ளிவிட்டு எழுத்துக்களை மட்டும் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இனிஷியலே பெயராகிப்போனவர்கள் பலர் உண்டாகையால் இது நமக்கு அந்நியமாகப் படாது.

எச்.வி.சி.யை இருபுறமும் சிதைத்த கானரியைப் பற்றி அவர்கள் எழுதியுள்ளது நெஞ்சை விட்டு அகலாத காட்சி. பறவை பாடுவதற்குரிய பாவனையில் நிமிர்ந்து நிற்கிறது, அலகைத் திறக்கிறது, தொண்டை அசைகிறது, ஆனால் பாட்டு இல்லை. பாடவேண்டும் என்ற ஆசை வேறிடத்தில் குடியிருக்கிறது போலும். பாட்டு மட்டுமே போயிற்று. அதே ஆண்டில் நாட்டபோமும் ஆர்னல்டும், பாடும் ஆணின் மூளையில் இத்திரள்கள் பாடாத பெண்ணின் மூளையில் உள்ளதைவிடப் பன்மடங்கு பெரியன என்று காட்டினார்கள். வசந்தத்தில் அவை பருத்து, இலையுதிர் காலத்தில் சிறுப்பதையும், வளர்ந்த பறவையின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதையும் நாட்டபோம் கண்ட கதை தனியே ஓர் இதழைக் கேட்கும். அடுத்த முறை அதைச் சொல்வேன்.

நம் கதைக்கு இப்போது வேண்டியது வேறு. பாடும் கை எது என்று தெரிந்துவிட்டது. பிழை பார்க்கும் காது மூளையில் எங்கே போய் முட்டுகிறது? இதற்கு விடை தந்த பறவை, ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களிலிருந்து வந்து உலகத்துக் கூண்டுக் கடைகளிலெல்லாம் குடியேறிவிட்ட ஜீப்ரா ஃபின்ச். மூன்று மாதத்தில் முழுப் பருவம் எய்தி, ஆயுள் முழுதும் ஒரே பாட்டைப் பாடுவது அதன் வழக்கம். வசந்தத்துக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத ஆராய்ச்சியாளருக்கு இதைவிட உகந்த பறவை ஏது? எச்.வி.சி.யிலிருந்து ஆர்.ஏ.வுக்குப் போகும் நேர்வழியைத் தவிர, மூளையின் ஆழத்துப் பகுதிகளையெல்லாம் சுற்றிவந்து, எல்மேன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு திரளின் வழியாக அதே ஆர்.ஏ.வை அடையும் சுற்றுவழி ஒன்றும் உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்ற இந்த வழி எதற்காக என்று யாருக்கும் விளங்கவில்லை. 1984-இல் பாட்ஜர், மீஸ்னர், ஆர்னல்ட் ஆகியோர், வளர்ந்த ஆண்களின் எல்மேனைச் சிதைத்தபோது பாட்டுக்கு ஒரு குறையும் நேரவில்லை. பாட்டுப் பழகிக்கொண்டிருந்த இளம் பறவைகளில் அதையே செய்தபோது பாட்டு உருப்படாமல் நின்றுவிட்டது. ஆகவே இது கற்கும் காலத்துக்கு மட்டும் உரிய வழி, படிப்பு முடிந்தபின் பாழடைந்த பள்ளிக்கூடம் என்று பலரும் கருதினார்கள்.

அதற்கிடையில் கொனிஷியின் பழைய முடிவொன்று ஆட்டங்கண்டது. வளர்ந்த சிட்டுக்குக் காது வேண்டாம் என்று அவர் கண்டது வெண்முடிச் சிட்டைப் பொறுத்த உண்மை. 1992-இல் நார்டீன் தம்பதியர், வளர்ந்த ஜீப்ரா ஃபின்ச்சுகளின் கேள்வியைப் போக்கிவிட்டுப் பொறுமையோடு வாரக்கணக்கில் காத்திருந்தபோது, பாட்டு சிறிது சிறிதாகச் சிதைந்துவிட்டதைக் கண்டார்கள். நம் நாட்டு வயல்களிலும் புதர்களிலும் திரியும் வெண்முதுகுச் சில்லையின் வம்சத்தில் ஜப்பானியர் கூண்டில் வளர்த்துப் பழக்கிய ‘பெங்காலீஸ்’ ஃபின்ச் இன்னும் நுட்பமான ஜாதி. ஒகனோயாவும் யமகுச்சியும் 1997-இல் எழுதியபடி, அதன் பாட்டு ஒரு வாரத்துக்குள்ளேயே குலைந்துவிட்டது. காதை அறவே எடுக்காமல் குழப்பினால் மட்டும் போதும் என்று 1999-இல் லியனார்டோவும், அப்போது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முதிர்ந்த ஆசிரியராக இருந்த கொனிஷியும் காட்டினார்கள்: பறவை பாடும்போதே அதன் பாட்டைப் பதிவுசெய்து, சற்றுத் தாமதித்து ஒலிபெருக்கியில் அதற்கே திருப்பிக் கேட்பித்துவந்தால், கல்லாக உறைந்துவிட்டதாக நினைத்த பாட்டு வாரங்கள் செல்லச் செல்ல இளகிக் குளறியது, அந்தத் தொந்தரவை நிறுத்தியபின் மாதக்கணக்கில் திரும்பச் சீர்ப்பட்டது. எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி முன் நின்று, தன் சொல்லே தன்னைத் துரத்திவருவதைக் கேட்டு நாக்குழறிய பிரசங்கியாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒரு முடிச்சு அவிழாமலிருந்தது. செவிட்டுப் பறவையின் பாட்டு ஏன் சிதைகிறது? திருத்துவார் இல்லாமல் தானாகவே தேய்கிறது என்பது முதலில் எவர்க்கும் தோன்றும் பதில். எண்ணெய் போடாத வண்டிச்சக்கரம் போல. வேறொரு பதிலும் உண்டு. உள்ளே உட்கார்ந்து பிழை பார்க்கும் அந்த விமர்சகருக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது. எதிர்பார்த்த பாட்டு காதில் வராததைப் பிழை என்றே அவர் முடிவுகட்டி, சரியாக இருக்கும் பாட்டை ஓயாமல் திருத்தித் திருத்திக் கெடுக்கிறார் என்பது அது. இரண்டில் எது மெய்?

கொனிஷியிடம் பயின்றவரும், மனநோய் வைத்தியத்தில் பயிற்சி பெற்றவருமான அலிஸன் டூப், ஸான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ப்ரெய்னார்டோடு சேர்ந்து இதைத் தீர்க்க ஒரு வழி கண்டார். தார்ப், மார்லர், கொனிஷி, டூப் என்று நாலு தலைமுறையாக வந்த குருபரம்பரை இது. மார்லரும் டூப்பும் 2014-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். பாழடைந்த பள்ளிக்கூடம் என்று பிறர் கருதிய எல்மேனில்தான் விமர்சகரின் குரல் ஒலிக்கிறது என்றால், அதை அடக்கிவிட்டுப் பறவையின் கேள்வியையும் போக்கினால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்தார்கள். தானாகத் தேய்வதே காரணமானால் பாட்டு முன்போலவே சிதையவேண்டும். 2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட படங்களை, கேள்வியை மட்டும் இழந்த பறவைகளின் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் பாட்டு வாரத்துக்கு வாரம் உருவழிந்துகொண்டு போகிறது. மற்றதில், தன் குரலும் கேளாமல், அதைக் குறைகூறுவாரும் இல்லாமல், அந்த ஃபின்ச்சுகள் காது கேட்ட நாளில் பாடிய அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கின்றன.